இல்லா உலகத்துப் பெயர்கள்

பெயர்ச்சொற்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இருவகையாகப் பகுத்துரைத்தல் தமிழிலக்கண நூலார் மரபு. பறத்தலின் பறவை; நான்கு கால்களை உடைமையின் நாற்காலி. இவை காரணம் விளங்க நிற்பன. மரம் ஏன் மரம் எனப்பட்டது, மலை ஏன் மலை எனப்பட்டது என்று வினவினால் விடை கூறுதல் எளிதன்று. ஆதலின் அவற்றை இடுகுறி என்றனர். தொல்காப்பியரோ இப்பாகுபாட்டை இவ்வளவு திட்டமாக வகுத்தாரல்லர். பொருளற்ற சொல் மொழியில் இல்லை என்பதும், ஒரு சொல் அப்பொருளைப் பெற்ற காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடாது என்பதும் அவர் கருத்து. இடுகுறி எனப்படுவது காரணமில்லாத பெயரன்று, காரணம் மறந்துபோன பெயரே என்று கொள்ளுதற்கு அவர் நூலில் இடமுண்டு.

இஃது உலகில் உள்ள பொருள்களின் பெயர் பற்றிய ஆராய்ச்சி. உலகில் இல்லாத பொருள்களின் பெயர்களுக்கு என் செய்வது? ஒருவர் தம் உள்ளத்தால் ஒரு நாட்டை ஆக்குகிறார். அதில் மலைகளையும் ஆறுகளையும் அமைக்கிறார். மனிதரல்லாத மாந்தரை அங்கே குடியேற்றுகிறார். அவற்றுக்கெல்லாம் பெயரும் இடுகிறார். அப்பெயர்கள் முழுதும் இடுகுறியாதல் கூடுமா? அல்லது அவற்றுக்கும் ஒரு மொழியும் ஒரு குடியும் ஒரு காரணமும் பின்னின்று உயிர்கொடுக்கின்றனவா? இவ்வினா வீண்பொழுதுபோக்கன்று. இன்றைய மாணவர் பலர் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஆடும் கற்பனையுலக விளையாட்டுக்களில் ‘ஓர்க்’, ‘லிச்’, ‘தியாமத்’, ‘பஹமூத்’, ‘ராக்ஷச’, ‘நாக’ முதலிய பெயர்கள் நாடோறும் வழங்குகின்றன. இவற்றுள் ஒன்றேனும் விளையாட்டை ஆக்கியோர் புதிதாகப் படைத்ததன்று. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மக்கட் கூட்டத்தாரின் வாயில் வழங்கி, அவர்தம் அச்சத்தையும் பத்தியையும் சுமந்து வந்த சொல்லேயாம்.

இத்துறையில் வழிகாட்டியாய் நின்றவர் ஆங்கிலப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். ரோல்கீன். 1892 இல் தென்னாபிரிக்காவிலுள்ள புளூம்பொன்ரீனிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த இவர், முதலாம் உலகப் போரின் பின்னர் ஒக்ஸ்போட் ஆங்கிலப் பேரகராதி அலுவலகத்திற் சொற்களின் வரலாற்றை ஆராயும் பணியில் அமர்ந்தார். 1925 முதல் 1959 வரை ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கினார். ‘ஹொபிற்’ என்னும் கதை 1937 இலும், ‘மோதிரங்களின் தலைவன்’ எனப் பொருள்படும் பெருங்கதை 1954 முதல் 1955 வரை மூன்று பாகங்களாகவும் வெளிவந்தன. பின்வந்த விளையாட்டுக்களிலே காணப்படும் குள்ளர், எல்வ் எனப்படும் நெடுவாழ்வினர், ஓர்க்குகள் ஆகியோரின் வடிவம் பெரும்பாலும் இந்நூல்கள் வழி வந்ததாகும்.

ரோல்கீனின் பெயர்களைச் சுவைப்போர் அவற்றின் ஓசையைப் புகழ்வர். அவ்வோசை எங்கிருந்து வந்ததென ஆராய்வோர் சிலரே. ‘ஹொபிற்’ கதையில் வரும் குள்ளர் பதின்மூவர். அவர்களுட் பலின் என்பவன் ஒருவனை நீக்கி, ஏனைய பன்னிருவரின் பெயர்களும் பழைய நோர்சு மொழியிலமைந்த ‘வொலுஸ்பா’ என்னும் பாடலிலுள்ள குள்ளர் பெயர்ப்பட்டியலிற் காணப்படுவன. அப்பாடலைக் கொண்ட ஐசுலாந்து நாட்டுச் சுவடி பதின்மூன்றாம் நூற்றாண்டினது. கதையில் வரும் மந்திரவாதியான கண்டால்வின் பெயரும் அப்பட்டியலிலேயே உள்ளது. ‘கந்தர்’ என்பது மந்திரக்கோல் அல்லது மந்திர ஆற்றல் எனவும், ‘ஆல்வர்’ என்பது எல்வ் எனவும் பொருள்படும். கதையின் முதல் வரைவிற் கண்டால்வ் என்பது குள்ளர் தலைவனின் பெயராகவே இருந்தது. மந்திரவாதிக்கு வேறொரு பெயர் இடப்பட்டிருந்தது. பின்னரே ஆசிரியர் அப்பெயரை மந்திரவாதிக்கு மாற்றினார். கோலையுடையவன் யாவனோ அவனுக்கே கோலின் பெயர் உரியது என்னும் உணர்வு அம்மாற்றத்திற்குத் துணைநின்றது எனல் பொருந்தும். பட்டியலிற் கிடந்த பெயர், தன் காரணத்தை நோக்கி நடந்து சென்றது போலும்!

ஈண்டு ஓர் ஐயம் எழும். இது பிறர் தோட்டத்திற் பறித்த மலரன்றோ? இல்லாத ஓர் உலகத்துக் குள்ளருக்கு ஐசுலாந்துப் பெயர்கள் எவ்வாறு வந்தன? இவ்வையத்தை ரோல்கீனே உணர்ந்தார். பெருங்கதையின் இறுதியிற் சேர்த்த பின்னிணைப்பொன்றில் அதற்கு விடையும் கூறினார். தாம் அவ்வுலகத்துப் பழஞ்சுவடியொன்றை ஆங்கிலத்திற் பெயர்த்தெழுதுபவர் என்பது அவர் மேற்கொண்ட பாவனை. அவ்வுலகத்துப் பொதுமொழியை இக்கால ஆங்கிலத்தால் அவர் பெயர்த்தார். ஆதலின், அதற்கு உறவான, ஆனால் அதனினும் பழமை வாய்ந்த றோகான் நாட்டு மொழியைப் பழைய ஆங்கிலத்தாலும், வடபுலத்து மாந்தரிடமிருந்து குள்ளர் பெற்ற பெயர்களை நோர்சு மொழியாலும் பெயர்த்தல் முறையாயிற்று. பொதுமொழிக்கும் றோகான் மொழிக்கும் இடையே உள்ள உறவு எத்தகையதோ அத்தகையதே இக்கால ஆங்கிலத்துக்கும் பழைய ஆங்கிலத்துக்கும் இடையே உள்ள உறவு. முன்னர் எடுத்தாண்ட பெயருக்குப் பின்னர் நியாயம் தேடிய செயல் இது எனச் சிலர் கூறலாம். அவ்வாறே ஆயினும், பெயரை வாங்கியவர் அதற்குக் கணக்குக் கொடுக்கும் கடமையை மறந்திலர் என்பதே கருதத்தக்கது.

றோகான் நாட்டுப் பெயர்களை நோக்கின் இம்முறையின் நுட்பம் விளங்கும். அந்நாட்டரசன் பெயர் தேயோடென். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் தலைவன், மன்னன் எனப் பொருள்படும் சாதாரணச் சொல்லேயாம். அவன் மருகன் ஏயோமர், மருகி ஏயோவின் ஆகியோர் பெயர்களில் முன்னிற்கும் உறுப்புக் குதிரையைக் குறிப்பது. குதிரையாற் புகழ்பெற்றவன் எனவும் குதிரையின்பால் மகிழ்ச்சியுடையவள் எனவும் அவற்றுக்குப் பொருள் கூறலாம். குதிரையே செல்வமாகவும் படையாகவும் கொண்ட ஒரு குடியினர்க்கு இவற்றினும் பொருத்தமான பெயர்கள் வேறில்லை. பழைய ஆங்கிலம் அறியாத வாசகனும் அப்பெயர்களிடையே ஓர் இனவொற்றுமை இருத்தலைச் செவியால் உணர்கிறான். ஒரு குடும்பத்துப் பிள்ளைகளின் முகச்சாயலை அயலான் உணர்வது போன்றது அது.

தமிழிற் சிலேடை என வழங்கும் அணியை இரு மொழிகளிடையே அமைத்த இடமும் ஒன்றுண்டு. சாருமான் என்னும் வஞ்சக மந்திரவாதி வாழும் கோபுரத்தின் பெயர் ஓர்தாங்க். எல்வ்களின் மொழியில் அது கோரைப்பல் போன்ற மலை என்றும், றோகான் மொழியிற் சூழ்ச்சி மிக்க மனம் என்றும் பொருள்படுமெனக் கதையிலேயே கூறப்படுகிறது. இரண்டாவது பொருள் பழைய ஆங்கிலச் சொற்பொருளேயாம். சாருமான் என்னும் பெயரின் முற்பகுதியும் அம்மொழியிற் சூழ்ச்சியையும் பொறிநுட்பத்தையும் குறிப்பது. கோபுரத்தின் வடிவையும் அதில் வாழ்வோனின் உள்ளத்தையும் ஒரு சொல்லே காட்டுகின்றது. இஃது அகராதியைப் புரட்டியவனுக்கு வாய்க்கும் வித்தையன்று. இரு மொழிகளிலும் வாழ்ந்தவனுக்கே வாய்ப்பது.

எல்வ்களின் மொழிகளோ இன்னும் ஆழமானவை. இளமையிற் பேர்மிங்ஙாம் நகரின் அயலே நிலக்கரி ஏற்றிவரும் புகையிரதப் பெட்டிகளில் எழுதியிருந்த வேல்சு நாட்டு ஊர்ப்பெயர்கள் ரோல்கீனின் உள்ளத்தைக் கவர்ந்தன. கல்லூரி மாணவராயிருந்த காலத்திற் பின்லாந்து மொழியின் இலக்கண நூலொன்று அவர் கையிற் கிடைத்தது. இவ்விரு மொழிகளின் ஓசையினின்றும் அவர் ஆக்கியவையே சிந்தரின், குவென்யா என்னும் இரண்டுமாம். சிந்தரின் வேல்சு மொழியின் சாயலும் குவென்யா பின்லாந்து மொழியின் சாயலும் உடையன. இவற்றை அவர் தனித்தனியே ஆக்கிவிட்டு அமைந்தாரல்லர். இரண்டுக்கும் பொதுவான ஒரு மூலமொழியைக் கற்பித்து, அதனின்றும் இவை ஒழுங்கான ஒலிமாற்றங்களாற் பிரிந்தன எனக் காட்டினார். குவென்யாவில் மரத்தைக் குறிக்கும் ‘அல்தா’, சிந்தரினிற் ‘கலத்’ ஆகும். மூலத்திலிருந்த முதலெழுத்தை ஒன்று இழந்தது, மற்றொன்று காத்தது. ஒருவர் எனப் பொருள்படும் குவென்யாவின் ‘குவேன்’, சிந்தரினிற் ‘பென்’ ஆகும். மெய்யான உலகிலும் அயர்லாந்து மொழியிற் ககரம் நிற்கும் இடத்தில் வேல்சு மொழியிற் பகரம் நிற்றல் உண்டு. தலையைக் குறிக்கும் அயர்லாந்துச் சொல் ‘கென்’. வேல்சுச் சொல் ‘பென்’. தமிழிற் பால் எனப்படுவது கன்னடத்தில் ஹாலு எனப்படுதலை அறிந்தோர்க்கு இத்தகைய ஒழுங்கு புதியதன்று. மொழி நூலார் பல தலைமுறைகளாக ஆராய்ந்து கண்ட விதியை ரோல்கீன் தம் கற்பனைக்கும் விதியாக்கிக்கொண்டார். இதனாலேயே அவர் உலகத்து ஆறும் மலையும் நேற்று இட்ட பெயருடையனவாகத் தோன்றாமல், பல்லாயிரம் ஆண்டு வழங்கித் தேய்ந்த பெயருடையனவாகத் தோன்றுகின்றன.

இனி, இடுகுறிக்கு மிக அணுக்கமான பெயர் ஒன்றையும் நோக்கல் தகும். அதுவே ‘ஹொபிற்’ என்பது. மாணவரின் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஒன்றும் எழுதப்படாத பக்கமொன்றில் அச்சொல் அமைந்த வாக்கியத்தை அவர் தம்மையறியாமல் எழுதினார் என்பது அவரே கூறிய வரலாறு. அச்சொல்லின் பொருளை அப்பொழுது அவர் அறிந்திலர். ஆயினும் அதை இடுகுறியாகவே விட்டுவிட அவர் மனம் இசையவில்லை. வளை தோண்டி வாழ்வோர் எனப் பொருள்படும் ‘ஹொல்பித்லா’ என்னும் சொல்லைப் பழைய ஆங்கில உறுப்புக்களாற் படைத்து, அது தேய்ந்து ‘ஹொபிற்’ ஆயிற்று எனப் பின்னர் காரணங் கூறினார். காரணமற்ற பெயரை மனம் பொறாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

1974 ஆம் ஆண்டில் இந்நிலை மாறிற்று. ஐக்கிய அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் வெளிவந்தது. நிலவறைகளும் பறவைநாகங்களும் என்பது அதன் பொருள். ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது. பின்னர் எழுந்த கணினி விளையாட்டுக்கள் பலவற்றுக்கும் இதுவே தாய். கதையாசிரியருக்கு ஓர் உலகம் போதும். ஆட்டத்தை ஆக்குவோர்க்கோ நாடோறும் புதிய பகைவரும் புதிய விலங்குகளும் வேண்டும். ஆதலின் அவர்கள் கிரேக்கம், பாபிலோன், அரபுநாடு, அயர்லாந்து, இந்தியா என எந்நாட்டுக் கதையையும் விடாது பெயர்களைத் திரட்டினர். ரோல்கீனின் முறை நாற்றங்கால் இட்டுப் பயிர் வளர்த்தல் போன்றது. இவர்கள் முறை சந்தையிற் கூடை நிறைத்தல் போன்றது.

பெயருக்கு உரிமையாளர் யார் என்னும் வழக்கும் அப்பொழுதே எழுந்தது. ஆட்டநூலின் முதற் பதிப்புக்களில் ஹொபிற், ‘என்ற்’ எனப்படும் மரமாந்தர், ‘பல்றொக்’ என்னும் தீப்பூதம் ஆகியவை ரோல்கீன் இட்ட பெயராலேயே வழங்கின. அவர் நூல்கள் பற்றிய உரிமையைப் பெற்றிருந்தோர் தடை கூறவே, அவை முறையே ‘ஹாவ்லிங்’, ‘திரியன்ற்’, ‘பேலோர்’ என மாற்றப்பட்டன. ஆராய்ந்து பார்ப்பின் இம்மாற்றம் நகைப்புக்கு இடமானது. ஹாவ்லிங் என்பதும் ரோல்கீன் வழங்கிய சொல்லே. அவருக்கு முன்னரே ஸ்கொத்துலாந்தில் முழுவளர்ச்சி எய்தாத இளைஞனைக் குறித்தது. திரியன்ற் என்பதில் மரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு அந்த என்ற் என்பதே ஒட்டிக்கொண்டு நிற்கின்றது. என்ற் என்பதோ பழைய ஆங்கிலத்தில் அரக்கவடிவினனைக் குறித்த சொல். பேலோர் என்பது அயர்லாந்துப் பழங்கதையில் வரும் ஒற்றைக்கண் அரசனின் பெயர். ஒருவர் உடைமையை விட்டு நீங்க எண்ணி எடுத்த பெயரும் முன்னரே ஒரு குடியினர்க்கு உரியதாயிருந்தது. ஓர்க் என்பதற்கு எவரும் தனியுரிமை கோரி நிலைநிறுத்த இயலாமைக்கும் காரணம் இதுவே. ‘பேயோவுல்வ்’ என்னும் பழைய ஆங்கிலக் காவியத்திலேயே அச்சொல்லின் உறுப்புத் தீய கணங்களைக் குறிக்க வந்துள்ளது. சொல்லை ஆண்டவர் அதற்குப் புத்துயிர் அளித்தல் கூடும்; அதன் தந்தையாதல் அரிது.

ஆயினும் ஆட்டத்தை ஆக்கியோரை முற்றும் பழித்தல் நடுநிலையாகாது. பொருளறிந்து அமைந்த பெயர்களும் அவர்களிடம் உண்டு. இறந்தும் அழியாத பிணவடிவ மந்திரவாதியை ‘லிச்’ என்றனர். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் உடலையும் பிணத்தையும் குறிப்பது. இங்கிலாந்துத் தேவாலயங்களிற் சவப்பெட்டியை இறக்கிவைக்கும் முகப்பு வாயிலின் பெயரில் இன்றும் அது வாழ்கின்றது. முன்னரே கதையாசிரியர் சிலர் மீட்டெடுத்த அச்சொல்லை ஆட்டம் உலகறியச் செய்தது. ‘கோபோல்ட்’ என்பது ஜேர்மானிய நாட்டார் கதையில் வீட்டிலும் சுரங்கத்திலும் உறையும் குறும்புக் கணம். சுரங்கத் தொழிலாளரை ஏமாற்றிய கனியத்துக்கு அதன் பெயர் இடப்பட்டு, அதனின்றும் இரசாயன நூலார் வழங்கும் கோபாற்று என்னும் மூலகத்தின் பெயர் பிறந்தது. பிணந்தின்னும் ‘கூல்’ அரபுச் சொல். வானியலில் அல்கொல் என வழங்கும் விண்மீனின் பெயரிலும் அக்கூலே மறைந்துள்ளது. களிமண்ணால் ஆக்கப்பட்ட ‘கோலெம்’ எபிரேயச் சொல். உருப்பெறாத பொருள் என்பது அதன் பழைய கருத்து. ‘டிரௌ’ என்பது ஸ்கொத்துலாந்தின் வடதீவுகளில் வழங்கிய சிறுகணங்களின் பெயர். மறைந்துகொண்டிருந்த இச்சொற்கள் பலவற்றை உலகெங்குமுள்ள இளைஞர் இன்று அறிவர். இஃது அவ்வாட்டம் மொழிக்குச் செய்த நன்மையே.

வேறு சில பெயர்கள் எழுத்து விளையாட்டால் ஆனவை. வெக்னா என்னும் தீயோனின் பெயர், ஜாக் வான்ஸ் என்னும் கதையாசிரியர் பெயரின் ஐந்து உரோம எழுத்துக்களை இடம்மாற்றிப் பெற்றது. தென்சர் என்னும் மந்திரவாதியின் பெயர் கைகாக்ஸின் மகனான ஏர்னெஸ்ற் என்பதன் எழுத்துமாற்றம். ஜாகிக் என்பது கைகாக்ஸ் என்னும் பெயரையே பின்னிருந்து ஒலித்தல். மாலைமாற்று முதலிய சித்திரகவிகளை அறிந்த தமிழர்க்கு இவ்வித்தை வியப்பன்று. இவற்றுக்குப் பின்னால் ஒரு மொழியில்லை. நண்பர்க்கும் உறவினர்க்கும் உரிய நகையே உள்ளது. ஆயினும் அதுவும் ஒரு காரணமே. முற்றிய இடுகுறி ஈண்டும் காணப்படவில்லை.

தெய்வப் பெயர்களின்கண்ணே விளையாட்டு வினையாகின்றது. 1977 இல் வெளிவந்த விலங்குத்தொகுதி நூலில் ஐந்தலைப் பறவைநாக அரசிக்குத் தியாமத் என்றும், பறவைநாகங்களின் நல்லரசனுக்குப் பஹமூத் என்றும் பெயர் இடப்பட்டன. பாபிலோனியரின் படைப்புக் காவியத்தில் தியாமத் என்பவள் ஆதிக் கடலே உருவானவள். மர்தூக் என்னும் தேவன் அவளைக் கொன்று, அவள் உடலை இருகூறாக்கி, ஒன்றனால் வானத்தை அமைத்தான் என்பது வரலாறு. அக்காவியம் அவளை ஐந்தலையினளாகக் கூறவில்லை. பஹமூத் என்பது அரபு நூல்களில் உலகைத் தாங்கும் எருதினையும் தாங்கி நிற்கும் பெருமீன். எபிரேய வேதத்திலுள்ள பெகெமோத் என்னும் விலங்கின் பெயரினின்றும் அது வந்தது என்பர். மீன் பறவைநாகமாயிற்று. 1987 இல் ஜப்பானில் வெளிவந்த ‘பைனல் பன்ரசி’ என்னும் விளையாட்டிலும் பஹமூத் பறவைநாகங்களின் அரசனாகவே தோன்றினான். இன்று அப்பெயரைக் கேட்கும் இளைஞருட் பலர் மீனை நினையார். பிழை வழங்கி வழங்கி மரபாகிவிட்டது.

தியாமத்தை வணங்குவோர் இன்று இல்லையாதலின் அவளுக்காக வருந்துவார் இலர் எனலாம். வாழும் மக்களின் பெயர்களுக்கு அவ்விடை செல்லாது. அதே விலங்குத்தொகுதியில் ராக்ஷசரும் நாகரும் இடம்பெற்றுள்ளனர். ராக்ஷசன் அங்கே புலித்தலையும் ஐரோப்பியச் செல்வர் அணியும் வீட்டங்கியும் உடையவனாகச் சித்திரிக்கப்பட்டான். மாயத்தாற் பிறர் வடிவம் கொள்ளுதல் அவன் இயல்பு என்பது இதிகாச வழக்கோடு ஒத்தது. புலித்தலை அவனுக்கே உரிய வடிவம் என்பது அவ்வழக்கிற் பெறப்படாதது. அவன் இனத்தார் யாவரும் தீயோர் என்பது அதனினும் பெரிய குறை. வான்மீகத்தின் உத்தரகாண்டம் அப்பெயருக்குக் காரணம் கூறுகின்றது. பிரமன் நீரைப் படைத்து, அதனைக் காக்க உயிர்களைப் படைத்தபோது, காப்போம் என்றவர்கள் ராக்ஷசர் ஆயினர் என்பது அக்கதை. காத்தல் என்னும் வினையடியிற் பிறந்த பெயர் அது. அக்குலத்திலேயே வீடணன் பிறந்தான். இராவணனோ இசைவல்லவனாகவும் சிவபத்தனாகவும் போற்றப்படுபவன். திருகோணமலையின் பாறைப் பிளவை இன்றும் மக்கள் இராவணன் வெட்டு என வழங்குவர். இவையனைத்தும் உதிர்ந்துபோக, புலித்தலை ஒன்றே எஞ்சுமாயின், பெயர் வந்தது, பெயருக்கு உரியவன் வரவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

நாகர் பெயரின் நிலையும் இதுவே. ஆட்டத்தில் நாகர் மனிதமுகம் உடைய பாம்புகள். புதையலையோ புனித இடத்தையோ காத்துக்கிடப்போர். பாம்புருவும் காவலும் பழங்கதைகளில் உள்ளவையே. ஆனால் ஈழத்தில் அப்பெயர் கதைப்பெயர் மாத்திரமன்று, ஊர்ப்பெயரும் மக்கட்பெயருமாம். மணிமேகலை, மகாவமிசம் ஆகிய இரு நூல்களும் ஓர் ஆசனத்தின் பொருட்டு நாக அரசர் இருவர் பொருதமையைக் கூறுகின்றன. வல்லிபுரத்திற் கிடைத்த பொன்னேட்டில் நாகதீவு என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயில் உள்ளது; வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் என்னும் ஊர் உள்ளது. சங்கப் புலவருள் முடிநாகராயர் ஒருவர். நாகர் என்போர் பாம்பை வழிபட்ட மக்களா, பாம்பைக் குலக்குறியாகக் கொண்டவரா என அறிஞர் ஆராய்ந்துள்ளனர். அத்தகைய பெயரை ஒரு மாணவன் முதன்முதலிற் கணினித் திரையில், வாளால் வெட்டி வீழ்த்த வேண்டிய பகையின் பெயராகவே அறிவானாயின், தான் நிற்கும் மண்ணின் பெயரையே அயலான் வாயிற் கேட்டறிந்தவனாவான். பைனல் பன்ரசி வரிசையில் சிவா என்னும் பெயர் 1990 முதல் பனியை ஏவும் ஓர் உருவுக்கு வழங்கிவருகின்றது, அவ்வுரு பெண்வடிவினது. பனிமலையில் உறையும் இறைவனின் நினைவு அதில் எங்கேனும் இருத்தல் கூடும். ஆயினும் பெயரின் பொருளோ, அப்பெயரைச் சொல்லி நெக்குருகிய அடியாரின் உள்ளமோ அங்கே சென்றடையவில்லை.

இங்கே எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலிமையுடையது. பெயர்கள் எக்காலத்தும் நாடுவிட்டு நாடு சென்றே வாழ்ந்தன. வடமொழி ராக்ஷசன் தமிழில் இராக்கதனும் அரக்கனும் ஆனான். கம்பர் வான்மீகரின் கதையை அவ்வாறே பெயர்த்தெழுதவில்லை. தம் நாட்டுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாற்றினார். ரோல்கீனும் குள்ளன் பெயரை மந்திரவாதிக்கு மாற்றியவரே. மாற்றுதல் குற்றமாயின் இலக்கியமே குற்றமாகும் என்பது அவ்வாதம். இதனை மறுத்தல் இயலாது, மறுக்க வேண்டுவதுமில்லை. குற்றம் மாற்றத்தில் இல்லை. மாற்றியவர் மூலத்தை அறிந்து மாற்றினாரா, அறியாது மாற்றினாரா என்பதே வேறுபாடு. கம்பர் மாற்றிய ஒவ்வோரிடத்திலும் அவர் மூலத்தை அறிந்திருந்தார். அவரைக் கற்றோரும் அதனை அறிந்திருந்தனர். ஆகவே மாற்றம் ஒரு புதிய பொருளைத் தந்தது. அறியாது மாற்றியவிடத்துப் புதுப்பொருள் தோன்றுவதில்லை. பழம்பொருள் மறைவதே நிகழ்கின்றது.

அங்ஙனமாயின் மொழியறிவு ஒன்றே போதுமா? போதாது என்பதற்கும் சான்று உண்டு. 1975 இல் ‘இதழ் அரியணையின் பேரரசு’ எனப் பொருள்படும் பெயருடன் வெளிவந்த ஆட்டத்தை ஆக்கியவர் எம். ஏ. ஆர். பார்க்கர். இவர் அமெரிக்கப் பழங்குடியினரின் கிளாமத் மொழிக்கு இலக்கணமும் அகராதியும் செய்தவர். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் தென்னாசிய மொழிகளைக் கற்பித்தவர். உருது மொழிக்குப் பாடநூல் வகுத்தவர். இவர் ஆக்கிய தேக்குமேல் என்னும் உலகத்துக்கு இலக்கணமும் எழுத்தும் உடைய மொழியொன்று உண்டு. ஐரோப்பியப் பழங்கதைகளைச் சாராது, தென்னாசியாவையும் நடு அமெரிக்காவின் பழைய நாகரிகங்களையும் நோக்கி அமைந்தமையால், அவ்வுலகத்துப் பெயர்கள் தனிச்சுவை உடையன. ஆயினும் அவரே வேறொரு பெயரில் மறைந்துநின்று, நாசிக் கொள்கையைப் போற்றும் நாவலொன்றை 1991 இல் வெளியிட்டார் என்பதை அவர் படைப்புக்களைப் பேணும் நிறுவனம் 2022 இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பிறர் மொழியைக் கற்றவர் அம்மக்களை மதிக்கவும் கற்றார் என்பது எப்பொழுதும் உறுதியன்று.

இதற்கு மறுதலையாக ரோல்கீன் வாழ்விலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1938 இல் ‘ஹொபிற்’ கதையை ஜேர்மன் மொழியில் வெளியிட விரும்பிய பதிப்பகத்தார், அவர் ஆரிய வழித்தோன்றலா என வினவினர். அவர் வரைந்த விடையொன்றில், அச்சொல் இந்திய, ஈரானிய மொழிகள் சார்ந்ததென்றும், தம் முன்னோர் அம்மொழிகளைப் பேசியவரல்லர் என்றும் கூறி, யூத மக்களின் வழியில் வந்த பேறு தமக்கு இல்லாமைக்கு வருந்துவதாகவும் குறிப்பிட்டார். பெயரொன்றை அதற்குரிய மக்களிடமிருந்து பறித்துப் பிறரைக் கொல்லும் கருவியாக்கிய காலத்தில், அப்பெயரின் மெய்வரலாற்றைக் கூறுதலே ஓர் அறச்செயலாயிற்று. குள்ளர்க்கும் குதிரைவீரர்க்கும் பெயர் தேடிய அதே நேர்மை ஈண்டும் தொழிற்படுதல் காணலாம். சொல்லாராய்ச்சி ஏட்டோடு அமையும் கல்வியன்று.

எனவே, கற்பனை உலகத்துப் பெயர்களை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். இப்பெயர் எம்மொழியிற் பிறந்தது? எம்மக்கள் வாயில் வழங்கிற்று? இங்கு வந்தபோது எதனைக் கொணர்ந்தது, எதனை இழந்தது? இவ்வினாக்களால் விளையாட்டின் சுவை குறையாது, மிகும். லிச் என்னும் பெயரிற் பிணத்தையும், கோபோல்டிற் சுரங்கத்தையும், தியாமத்திற் கடலையும் காணும் மாணவன், அவற்றை வெறும் ஓசையாகக் கேட்பவனினும் பெரிய உலகில் ஆடுகிறான். ஆசிரியர் அவ்விளையாட்டுக்களை வெறுத்து ஒதுக்குதலினும், அவற்றின் பெயர்வழியே பழைய காவியங்களுக்கும் மொழிநூலுக்கும் மாணவரை அழைத்துச் செல்லுதல் நன்று. வாயில் எங்குத் திறந்திருப்பினும் நூலகத்துள் நுழைவதே வேண்டற்பாலது.

புதிய உலகங்களைப் புனையும் ஆற்றல் நாளை இந்நாட்டு மாணவர்க்கும் வாய்க்கும். அப்பொழுது அவர்கள் நாகர்க்கும் அரக்கர்க்கும் மீண்டும் பெயரும் உருவும் கொடுப்பராயின், புலித்தலையை நோக்கி அன்று, பெயரின் வேரை நோக்கிச் செல்லுதல் வேண்டும். இல்லாத உலகம் ஒருவரால் ஓரிரவிற் படைக்கப்படலாம். அதன் பெயர்களோ ஓரிரவிற் பிறந்தவையல்ல. எத்தனையோ தலைமுறையினர் வழங்கி வைத்துவிட்டுச் சென்ற வைப்புநிதி அவை. எடுத்தாள்வோர் அந்நிதி யாருடையது என்பதை அறிந்து எடுத்தாள்வாராக.